ஆடாமல் நின்றவர்

தொல்லியல் தரவைப் பொதுவில் வைப்பதென்றால் முதலில் அதைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட வேண்டும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் சந்திரகலாவுக்கு அதுதான் வேலை. கிள்ளானில் ஒரு பழைய செங்கல் சூளையை நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்து, கணினியில் கோத்து, முப்பரிமாண உருவமாக்கி வைத்திருந்தாள். சூளை இருந்த இடத்தில் இப்போது சாலை ஓடுகிறது. இனி அது திரையில் மட்டும்தான்; கோடிப் புள்ளிகளாக, கனவில் வரும் வீடுபோல மெல்லச் சுழன்றது.

அதன் ஓரத்தில் குடையோடு ஒரு பெண்ணும் சேர்ந்து சுழன்றார். சூளைக்கு எதிர்வீட்டு கெர்ட்ரூட் ஆன்டி. படமெடுத்த அன்று செங்கல்மேல் வெயில் விழாமல் குடை பிடிக்க வந்தவர், போட்டோ என்றதும் ஸ்டூடியோவில் நிற்பதுபோல மூச்சைப் பிடித்து நின்றுவிட்டார். நடமாடுகிறவர்களைக் கணினி விட்டுவிடும். ஆடாமல் நிற்பவரைச் சுவரோடு சேர்த்துக்கொள்ளும்.

அனுமதி இல்லாத மனிதர்களை நீக்கிவிட்டுத்தான் பகிர வேண்டும். மாலைக்குள் ஏற்றியாக வேண்டும். சந்திரகலா அந்த உருவத்தைச் சுற்றி வட்டம் போட்டு, அழிக்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனபோது, வாசலில் ஆன்டியின் கணவர் வாலண்டைன் நின்றார். ஆன்டியை அடக்கம் செய்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"சூளைய இன்டர்நெட்ல போடப் போறீங்களாமே. அவ அதுல இருக்காளாம்மா?"

சந்திரகலா விரலை எடுத்துவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். குடை, பூப்போட்ட சட்டை, கொஞ்சம் கரைந்த முகம். அவர் உட்காரக்கூட மறந்து பார்த்தார்.

"அவதான் லா... நானும் பக்கத்துலதானே இருந்தேன். நான் எங்க?"

"நீங்க கோப்பி ஊத்திக் குடுக்கிறேன்னு நடந்துக்கிட்டே இருந்தீங்க அங்கிள். நடந்தா படத்துல விழாது."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து, 'கொஞ்சம் நில்லுங்க'ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தா." சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"நீங்க சரின்னு கையெழுத்துப் போட்டா, ஆன்டிய அதுலேர்ந்து எடுக்க வேணாம்."

உடனே போட்டுக்கொடுத்தார்.

அவர் போன பிறகு, ஏற்றுவதற்கு முன் விவரக் கட்டத்தில் எழுதினாள்: "சூளைச் சுவர். குடையுடன் கெர்ட்ரூட்."

அதன்கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: "அருகில் கணவர் வாலண்டைன். நடந்துகொண்டே இருந்ததால் பதிவாகவில்லை."