கை அளவு

"அம்மா, குளோரியா ஆன்ட்டி மூஞ்சி மட்டும் ஏன் உள்ள பல்பு போட்ட மாதிரி இருக்கு?"

ஒரு ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் ஜூலியா கேட்டாள். கேட்டவள் அன்றே மறந்துவிட்டாள். மௌரீனுக்குத்தான் அது முள்ளாய்த் தைத்தது. ஆஸ்டின் டவுனில் ஒரே கட்டடத்தில் மேல்வீடு அவளுடையது, கீழ்வீடு குளோரியாவுடையது. இருவருக்கும் ஒரே வயது. மகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவிலும் எல்லார் கண்ணும் அந்த முகத்தின் மேல்தான் இருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிந்தது.

குளோரியா தன் முகத்தில் தடவும் சீரத்தை வீட்டிலேயே தயாரித்தாள். "வா மௌரீன், சொல்லித் தர்றேன்" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

"எனக்கெதுக்குப்பா இந்த மினுக்கெல்லாம்?" என்று உதட்டைச் சுழிப்பாள் மௌரீன்.

ஒரு மதியம் கீழ்வீட்டுக்கு வந்த மௌரீன், குளோரியா காபி போட உள்ளே போனதும், சீரத்துக்கென மேசையிலிருந்த அமிலத்தைச் சின்னக் குப்பியில் ஊற்றி முந்தானையில் மறைத்துக்கொண்டாள். பக்கத்திலேயே குட்டித் தராசு, கையுறை, அமிலத்தின் கடுமையைக் காட்டும் காகிதப் பட்டைகள், அறுந்த வாரை நூலால் கட்டிய பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் இருந்தன. அவள் மதிக்கவில்லை. ஐம்பது பேருக்குத் தராசு தொடாமல் பிரியாணி வைப்பவள். 'என் கை அளவு என்னைக்குத் தப்பியிருக்கு?'

மேலே வந்து, பன்னீரில் கலந்து கன்னத்தில் தடவினாள். முதலில் குறுகுறுத்தது. பிறகு நெருப்பாய் எரிந்தது. அலறல் கேட்டு ஜூலியா கீழே ஓடினாள்.

குளோரியா வந்து மௌரீனின் முகத்தைக் குழாயடியில் பிடித்தாள். "கண்ண மூடிக்கோ. தேய்க்காத. தண்ணி ஓடட்டும்." வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. கண் தப்பியது, கன்னம் கறுத்தது.

"அது அப்படியே தடவுற சரக்கில்ல மௌரீன். எட போட்டு, தண்ணியில கொஞ்சமா ஊத்தி, பட்டையில பாத்து, மொதல்ல கையில தடவி ஒருநாள் விட்டுத்தான் மூஞ்சிக்குப் போடுவேன். பிரியாணிக்குக் கை அளவு போதும். ஆசிட்டுக்குத் தராசு வேணும்."

அமிலம் எங்கே கிடைத்தது என்று மட்டும் குளோரியா கேட்கவில்லை. புதுநன்மை அன்று கன்னத்தைப் பார்த்து விசாரித்தவர்களையும், "ஆறிட்டு வருது, வாங்க சாப்பிடலாம்" என்று அவளே நகர்த்திக்கொண்டு போனாள்.

பந்தி முடிந்ததும் மௌரீன் அவள் கையைப் பிடித்தாள். "தெரியாதத ஒருத்தர்கிட்ட கேக்குறதுல என்ன கொறச்சல், குளோரியா? பொறாமையில கேக்காம விட்டேன். மூஞ்சி வெந்துச்சு."

மறுவாரம் குளோரியா காலைப் பூசைக்குப் போயிருந்த நேரம். மௌரீன் கீழ்வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு பையை மாட்டினாள். உள்ளே மூடி பிரிக்காத அமில பாட்டில் ஒன்று. நூல் தேவைப்படாத புதுக் கண்ணாடி ஒன்று. பெயர் எழுதவில்லை. சத்தம் கேட்டு யாரும் எட்டிப் பார்த்துவிடாதபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினாள்.