நுரை பிடித்த பரண்

சனிக்கிழமை காலையில் க்ளென் ஆக்ராய்ட் தன் அம்மாவின் வீட்டுப் பரணில் மண்டியிட்டு, சின்னக் கடப்பாரையால் கூரையைக் குத்திக்கொண்டிருந்தான். இறைச்சிக் கூடத்தில் வருஷக்கணக்காக எலும்பு பிரித்த கை அது. ஆனால் மாட்டுத் தொடையைவிட, குளிர் தாங்கக் கூரையில் பீய்ச்சி அடித்த இந்த நுரைக்குப் பிடிவாதம் அதிகம். கைமரங்களுக்கு நடுவே மஞ்சளாகப் பொங்கி, இறுகி, ஓட்டின் அடிவயிற்றைக் கவ்விப் பிடித்திருந்தது. நெம்பினால் நுரை தனியாக வரவில்லை, ஓடும் சேர்ந்து பெயர்ந்தது. ஒரு ஓடு சறுக்கிப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரனின் கார் கண்ணாடி மேல் விழுந்து சிதறியது. ஓட்டை வழியாக இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊர்ப் பிப்ரவரி மழை அவன் பிடரியில் இறங்கியது.

"டேய் க்ளென்! வீட்ட விக்கணும்னுதான் சொன்னேன். இடிக்கச் சொல்லல!" என்று கீழேயிருந்து அம்மா மொரீன் கத்தினாள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் தாடி வைத்த ஒருத்தன் அந்த வீட்டுக் கதவைத் தட்டினான். பரண் முழுக்க நுரை அடித்தால் வீடு கணகணவென்று இருக்கும் என்றான். அடித்துக் கொடுத்து, காசை வாங்கிக்கொண்டு போனான். இப்போது மொரீனுக்கு முழங்கால் போய்விட்டது. மாடிப்படி ஏறுவது பெரும்பாடு. ஸ்கார்பரோவில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த மாதிரி, தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாக இருந்தது. இதை விற்றால் அதை வாங்கலாம். வாங்க ஆளும் வந்தார்கள். அவர்களுடைய பேங்க் அனுப்பிய ஆள் பரண் கதவுக்குள் தலையை நீட்டினான், நுரையைப் பார்த்தான், இறங்கிவிட்டான்.

"உள்ள மரம் அழுகியிருக்கா, நல்லா இருக்கான்னே தெரியாது. இந்த வீட்டுக்குக் கடன் கெடைக்காதும்மா," என்று சொல்லிவிட்டுப் போனான். வாங்க வந்தவர்களும் போனார்கள்.

அடுத்த வாரமே ஒரு போன் வந்தது. நுரையை எடுத்துத் தரும் கம்பெனியாம். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றான். அவனுக்குக் காசு கொடுப்பதற்கு முன் தானே பெயர்த்துவிடலாம் என்றுதான் க்ளென் பரண் ஏறியிருந்தான்.

வந்தவன் பெயர் ஸ்டூவர்ட். மழுமழுவென்று சவரம் செய்த முகம், கண்ணாடி, புது ஜாக்கெட். பரணுக்குள் போய் ஈரம் பார்க்கும் மீட்டரை அங்கே இங்கே வைத்துக் கீச்சிடவிட்டான். இறங்கி வந்து சமையலறையில் உட்கார்ந்தான்.

"மரம் பஞ்சாப் போச்சு. எவனோ படுபாவி அடிச்சிட்டுப் போயிருக்கான். அடுத்த காத்துக்குக் கூரை மொத்தமும் அம்மா தலையிலதான். இன்னைக்கே முடிவு பண்ணுங்க, கண்ணு."

அம்மா தூங்குவது பரணுக்கு நேர் கீழ் அறையில்.

அந்த ஊரில் வேலைக்கு வந்தவனுக்கு டீ கொடுக்காத வீடு கிடையாது. எப்படி வேண்டும் என்று கேட்காமல் கொடுக்கும் வீடும் கிடையாது. மொரீன் கேட்கவில்லை. ஒரு கோப்பையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். தார் மாதிரி கறுப்பு டீ. பால் இல்லை, டீப்பை அதற்குள்ளேயே மிதந்தது. க்ளென் முகம் சுளித்தான். ஸ்டூவர்ட் பேச்சுவாக்கில் அடிவரைக்கும் குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"அருமை, கண்ணு. எனக்குப் புடிச்ச பக்குவம்."

"தெரியும்," என்றாள் மொரீன். "பால் கெடையாது, பைய எடுக்கக் கூடாது, நாலு சக்கரை. வேற எவன் வாயில வச்சாலும் துப்பியிருப்பான். போன தடவ உன் பேரு நீல். தாடி வச்சிருந்த."

அவன் கண் வாசலுக்குப் போனது. வாசலை மறைத்துக்கொண்டு க்ளென் நின்றான்.

முதல் குத்து மூக்கில் விழுந்தது. கோப்பை சிதறியது. க்ளென் அவன் காலரைப் பிடித்துப் படியேற்றினான். முரண்டு பிடித்த இடத்திலெல்லாம் சுவரோடு மோதினான். பரண் ஏணியில் முடியைப் பிடித்துத் தூக்கினான். மேலே கொண்டுபோய் அவன் முகத்தை நுரையில் வைத்துத் தேய்த்தான். மஞ்சள் நுரை சிவந்தது.

"நீ அடிச்சதுதானடா? பல்லால பேத்தெடு!"

அவன் திமிறினான். கால் விட்டத்தை விட்டு நழுவி மெல்லிய சீலிங் பலகையில் பதிந்தது. மறுகணம் பலகை உடைந்து இடுப்புவரை கீழே போய்விட்டான். கால்கள் மொரீனின் கட்டிலுக்கு மேல் உதைத்துக்கொண்டு தொங்க, இரண்டு கையாலும் விட்டத்தைக் கட்டிக்கொண்டான்.

க்ளென் கடப்பாரையை ஓங்கினான். "எந்தக் கையால அடிச்ச? சொல்றா, வலதா இடதா?"

"வேணாம்ணே... புள்ளகுட்டிக்காரன்ணே..."

"எங்கம்மாவுக்கும் ஒரு புள்ள இருக்கான்டா! அவளப் போயி ஏமாத்துனியே!"

"இருக்கானா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

மொரீன் அந்த முழங்காலோடு படியேறி வந்து, மூச்சிரைக்கக் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி.

"ஒடைக்கிறதுன்னா ஒட. நான் ஒண்ணு சொல்லிடுறேன், அப்புறம் ஒட. இவன் மொதல்ல வந்தன்னிக்கு உனக்குத்தான்டா போன் பண்ணேன். 'வேலையில இருக்கேன், உன் இஷ்டம்'னு வச்சிட்ட. இவன் உக்காந்தான். உங்கப்பாவப் பத்திக் கேட்டான். சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே இருந்தான். புளுகுறான்னு எனக்குப் பாதி தெரியும். சரின்னு சொன்னா நாளைக்கும் வருவான்ல? அதுக்குத்தான்டா சரின்னேன்."

கடப்பாரை நின்ற இடத்திலேயே நின்றது. ஓட்டை வழியே மழை சொட்டியது. பிறகு க்ளென் அதை இறக்கினான், முழு பலத்தோடு. ஸ்டூவர்ட்டின் விரலுக்கு ஒட்டினாற்போல் விட்டத்தில் பாய்ந்து நின்றது இரும்பு. அவன் ஓலமிட்டான். க்ளென் அக்குளில் கை கொடுத்து அவனை மேலே இழுத்துப் போட்டான்.

போலீசைக் கூப்பிட்டது பக்கத்து வீட்டுக்காரன், கார் கண்ணாடி போன கோபத்தில். அவர்கள் வரும்வரை நுரைக்காரன் சமையலறைத் தரையில், க்ளெனின் பெல்ட்டால் கட்டுண்டு, ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தான். அம்மாவுக்கு டீ கொடுக்க க்ளென் கெட்டிலைப் போட்டான். பையை எடுத்தான், பாலை ஊற்றினான், சக்கரை டப்பாவில் கரண்டியைவிட்டான். கரண்டி அங்கேயே நின்றது.

"சக்கரை வேணாம் அவங்களுக்கு," என்றான் தரையில் கிடந்தவன், உடைந்த மூக்கு வழியாக. "பாலும் ரொம்ப ஊத்தாத."

க்ளென் கோப்பையைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு மறுபடி போட்டான். மொரீன் வாங்கிக் குடித்தாள்.

நுரைக்காரனுக்குச் சிறை. அடித்ததற்காக க்ளெனுக்கும் தண்டனை, சம்பளம் வாங்காத பொதுவேலை. சட்டம் அவன் கோபத்துக்குத் தள்ளுபடி தரவில்லை, தரவும் கூடாது. மரத்தை, எதையும் விற்காத ஒரு ஆய்வாளரை வைத்துப் பார்த்தார்கள். பஞ்சாகவில்லை, இரண்டு கைமரம்தான் அழுகல். வேறு ஆட்கள் வந்து, முகமூடி போட்டு, கையாலேயே பொறுமையாகச் சுரண்டி எடுத்தார்கள். க்ளென் உடைத்த ஓடுகளுக்குத்தான் செலவு அதிகம். அந்த நாட்களில் எல்லாம் அவன் லீவு போட்டு அம்மாவோடு இருந்தான். வீடு விற்று, கோடையில் அவள் கடலைப் பார்த்த அந்த வீட்டுக்குக் குடிபோனாள். ஞாயிறுதோறும் அவனும் போகிறான்.

இறைச்சிக் கூடத்தில் ட்ரெவர் என்பவன் ஒருநாள் கேட்டான். "எங்கம்மா வீட்டுப் பரணுலயும் அதே நுரை இருக்கு க்ளென். எடுத்துத் தரேன்னு எவனோ போன் பண்ணிட்டே இருக்கானாம். என்ன பண்றது?"

க்ளென் கத்தியைத் துடைத்து வைத்தான்.

"போன்ல வர்றவன உள்ள விடாத. எடுக்குறவனையே மரத்தப் பாக்கவும் சொல்லாத, பாக்குற ஆள் வேற, எடுக்குற ஆள் வேறயா இருக்கணும். அதெல்லாம் நாளைக்கு. உங்கம்மா டீக்கு எத்தன சக்கரை போடுவாங்க?"

ட்ரெவர் விழித்தான்.

"அப்ப இன்னைக்கே போ. போய் உக்காந்து ஒரு டீ குடி. வயசானவங்க வீட்டுக் கதவ இவனுங்க ஒடச்சிட்டு வர்றதில்லடா. நாம போகாத கதவு, தட்டுனா தொறந்துடும்."