வெளிவராத டேப்லெட்டுக்கு ஒரு விமர்சனம்

ராம்குமாரின் பேச்சைக் கேட்கிறவர்களில் அவசரப்பட்டுப் போன் வாங்குகிறவர் யாரும் கிடையாது. பகலில் அவனுக்குப் பெருங்குடியில் வேலை. சனி ஞாயிறுகளில் மயிலாப்பூர் ஃபிளாட்டின் பின்னறையில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, வரப்போகிற குறைந்த விலை போன்கள், டேப்லெட்டுகள் பற்றித் தன் யூடியூப் சேனலில் பேசுவான். எதற்குக் காத்திருக்கலாம், எதை வாங்கினால் வயிற்றெரிச்சல் மிஞ்சும் என்று அவன் சொல்வதைக் கேட்க ஒரு கூட்டம் இருந்தது. கணக்குப் பார்த்து வாங்குகிறவர்கள் ஒரு தடவை ஏமாந்தால் நாலைந்து வருஷம் அதோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும். அதனாலேயே அவன் வார்த்தைக்கு மதிப்பு.

அவன் பேசிய பொருள்களில் பாதியை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கசிந்த படங்கள், வெளிநாட்டுத் தளங்களில் வந்த விவரங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பேசுவான். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டேன் என்றே சொல்லிவந்தவரை அதில் தப்பில்லை. சித்திரையில் ஒரு புதிய டேப்லெட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும், மற்ற சேனல்கள் முந்திவிட்டன என்ற எரிச்சலில் வாய் தவறியது. "நான் கையிலயே வெச்சுப் பாத்துட்டேன். சவுண்டு சும்மா வீட்டையே நிரப்புது. ரெண்டு மாசம் பொறுங்க, இப்ப எதையும் வாங்காதீங்க" என்றான். சொல்லும்போது நாக்கு கூசவில்லை. அவன் போட்ட வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

பார்த்தவர்களில் மேல்வீட்டு நீரஜா மாமியும் ஒருவர். அவர் கணவர் கோதண்டபாணி பாங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டிடத்தில் தண்ணீர் லாரி வராவிட்டாலும், லிஃப்ட் நின்றாலும், கீழே இறங்கிவந்து எல்லோருக்கும் சேர்த்துச் சத்தம் போடுகிறவர் அவர்தான். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்த பிறகு அந்தக் குரல் போய்விட்டது. விரல்கள் நடுங்கியதால் போனில் சின்ன எழுத்துகளைத் தொட அவருக்கு வரவில்லை. பெரிய திரையில் தட்டினால் அதைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டும் வசதி இருக்கிறது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

மகள் ஸ்நேஹாவுக்கு வரன் முடிவாகியிருந்த சமயம், மாமி ஒருநாள் மாடிப்படியில் அவனை நிறுத்தினார். "ராம், தி.நகர்ல ஒரு டேப் பாத்து வெச்சிருக்கோம். ஸ்நேஹாவோட நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி மாமா பழகிண்டுடணும்னு பாக்கறேன். அதை வாங்கிடட்டுமா, இல்ல நீ சொன்னியே, அதுக்குக் காத்துண்டிருக்கட்டுமா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. அவன் வாயைத் திறக்கவும் செய்தான். அதற்குள் மாமி, "நீ கையில வெச்சே பாத்திருக்கே. மாமா உன்னோட வீடியோவைப் பாத்துட்டு, அதுதான் வேணும்னு எழுதிக் காமிச்சார்" என்றார். அவர் முகத்தில் அத்தனை நம்பிக்கை. காத்திருங்கள் மாமி, வந்த அன்றைக்கே நானே வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

ஆனியில் வரவேண்டியது ஆடிக்குத் தள்ளிப்போயிற்று. பிறகு, இந்த வருஷம் இந்தியாவில் அதை வெளியிடப்போவதில்லை என்று அந்த நிறுவனம் ஒரு வரியில் அறிவித்தது. ராம்குமார் அதற்கும் ஒரு வீடியோ போட்டான். நம்மையெல்லாம் முட்டாளாக்கிவிட்டார்கள் என்று நிறுவனத்தைக் கிழித்துத் தொங்கவிட்டான். மாமியிடம் மட்டும் அவன் எதுவும் சொல்லவில்லை. லிஃப்ட்டில் அவர்களைப் பார்க்க நேராமல் நேரம் பார்த்து வெளியே போய்வந்தான்.

ஆவணியில் நிச்சயதார்த்தம், லஸ் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில். போகாமல் இருக்க முடியவில்லை. கோதண்டபாணி மயில்கண் வேட்டியில், மடியில் ஒரு சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ கேட்டார். இவர் பதிலை எழுத ஆரம்பித்தார். நடுங்கும் கையால் ஒரு வரி முடிவதற்குள் யாரோ கூப்பிட, அவர் எழுந்து போய்விட்டார். இவர் எழுதி முடித்து, சிலேட்டைக் காலி நாற்காலியின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கைக்குட்டையால் அழித்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் பிள்ளை வீட்டார் ஒருவர் பக்கத்து இலைக்காரரிடம், பொண்ணோட அப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை போலிருக்கிறது, முகம் கொடுத்தே பேசவில்லையே என்று சொன்னது ராம்குமார் காதில் விழுந்தது. அப்படியில்லை, அவருக்குக் குரல் இல்லை என்று அவன்தான் சொல்லவேண்டியிருந்தது. ஐயோ பாவம், இப்போதுதான் அதற்கெல்லாம் மெஷின் வந்திருக்கிறதே, வாங்கிக் கொடுக்கக்கூடாதா என்றார் அவர். ராம்குமார் பாதியிலேயே இலையை மூடினான். பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து கைகழுவப் போனான்.

மறுநாள் காலையில் தி.நகருக்குப் போய், கடையில் இருந்ததையே வாங்கினான். மாமி அன்றைக்கே பார்த்து வைத்திருந்த அதே டேப்தான். அதில் தமிழ் எழுத்துகளையும் குரலையும் ஏற்றி மேல்வீட்டுக்கு எடுத்துப் போனான். சொல்வதற்கு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போயிருந்தான். அங்கே போனதும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"மாமா, அந்த டேப்பை நான் பாத்ததே இல்ல. கையில வெச்சுப் பாத்தேன்னு சொன்னது பொய்" என்றான்.

மாமி புடவைத் தலைப்பால் ஊஞ்சல் பலகையில் இல்லாத தூசியைத் துடைத்தார். கோதண்டபாணி டேப்பை மடியில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் ஒரு பெண் குரல், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் கூடத்தில் ஒலித்தது.

"மாடிப்படியில் கேட்டாளே. அப்போதாவது சொல்லியிருக்கலாமே."

கோபமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ராம்குமாரால் பார்க்க முடியவில்லை. பணம் வேண்டாம் என்றான். மாமி உள்ளே போய் பீரோவைத் திறந்து முழுத் தொகையையும் எடுத்துவந்து அவன் கையில் வைத்தார். காபி சாப்பிடுகிறாயா என்று வழக்கமாகக் கேட்பவர், அன்றைக்குக் கேட்கவில்லை.

அந்த வாரம் அவன் பின்னறையில் உட்கார்ந்து, எதையும் அலங்கரிக்காமல், தான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு ஒரு வீடியோ போட்டான். திட்டு விழும் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தான். நாலு பேர் திட்டினார்கள். இரண்டு பேர், பெரிய மனசு ப்ரோ என்றார்கள். அதைப் படித்தபோது இன்னும் கூசியது. மற்றவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: தீபாவளிக்கு ஒரு புது மாடல் வருகிறதாமே, அதற்குக் காத்திருக்கலாமா, இப்போதே ஏதாவது வாங்கிவிடலாமா?

அவன் ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. மேலே, அந்தப் பெண் குரல் யாரிடமோ தண்ணீர் லாரி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தது.