கீழ்பென்னாத்தூர் பிரெஞ்சு

என் மகள் ஓவியா பதினோராம் மாதத்தில் பிரெஞ்சு படித்தாள் என்று தேரடி வீதி முழுக்கச் சொன்னவன் நான்தான். இன்றைக்கும் சிலர் அதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். துணிக்கடைக்காரன் சாயம் போகாது என்று சொன்னால் சிரிக்கிறவர்கள்கூட, அவன் குழந்தையைப் பற்றிச் சொன்னால் நம்பிவிடுகிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் விற்கிறவர்கள். அப்பா மாட்டுத் தரகர். சித்தப்பாவுக்கு மல்லாட்டை மண்டி; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எனக்கு ரெடிமேட் துணிக்கடை. தொண்ணூற்று ஏழில் ஒரு நாள் பிரெஞ்சுக்காரத் தம்பதி கடைக்கு வந்து நாலு குர்தாவை எடுத்து வைத்துவிட்டு என்னவோ கேட்டார்கள். நான் "குட் பிரைஸ், பெஸ்ட் பிரைஸ்" என்று முப்பது தடவை சொன்னேன். எதிர்க்கடை ஜானி பாஷா வாசலில் நின்றபடி "போன்ழூர் மதாம்" என்றார். அவர்கள் மொழியில் வணக்கம், ஒரே ஒரு தடவை. அவர்கள் அங்கே போய்விட்டார்கள்.

"எங்க கத்துக்கினீங்க பாய்?" என்றேன்.

"அதான் மூர்த்தி, வர்றவங்க பேசறதக் காதுல வாங்கணும். நீ வாயிலயே இருக்க" என்றார்.

அப்போது ஓவியா பிறந்து இரண்டு மாதம். அந்த வாரமே சரக்கெடுக்கப் பாண்டிச்சேரி போனேன். அங்கே ஒரு பொருட்காட்சியில் டை கட்டிய ஒருவர், பிறந்த குழந்தைக்கு வீட்டிலேயே அந்நிய மொழி கற்றுத்தரும் பெட்டியை விற்றுக்கொண்டிருந்தார். நானே விற்கிறவன். இன்னொருவன் விற்பதை வேடிக்கை பார்ப்பது எனக்குச் சினிமா மாதிரி. வேடிக்கை பார்த்துக்கொண்டே வாங்கிவிட்டேன். நாற்பது அட்டைகள், ஒவ்வொன்றிலும் முன்பக்கம் சிவப்புக் கொட்டை எழுத்தில் ஒரு சொல், பின்பக்கம் படம். ஆறு கேசட். ஒரு சின்னப் புத்தகம்.

அந்தப் புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. கற்றுத்தரும் மொழியைத் தவிர வேறு மொழி குழந்தையின் காதில் விழவே கூடாது.

என் மனைவி உண்ணாமலை எட்டாவது வரை படித்தவள். பிரெஞ்சுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? ஆகவே அவள் குழந்தையிடம் பேசக் கூடாது என்று ஆயிற்று.

"பெத்தவ பேசக் கூடாதா? இன்னாங்க இது?"

"ஒரு வருசம் வாயக் கட்டு. அப்புறம் பாரு, வெள்ளக்காரங்களுக்கே பாடம் எடுப்பா."

நம்பினாள். நான் விற்றால் வாங்காதவர்கள் கம்மி. குளிப்பாட்டும்போது பேச மாட்டாள். சோறு ஊட்டும்போது பேச மாட்டாள். தாலாட்டுக்கு மட்டும் வாயை இறுக்க மூடிக்கொண்டு ராகத்தை மூக்காலேயே இழுப்பாள். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டம் போடும் அரோகரா உள்ளே வராமல் ஜன்னலை அடைத்துப் பழந்துணியைச் செருகுவேன். வீட்டில் கேசட் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மாட்டுக்கு வாஷ். பூனைக்கு ஷா. ரொட்டிக்குப் பேன். "பேனையா திங்கறாங்க அந்த ஊர்ல?" என்று உண்ணாமலை கேட்டு, குழந்தை பக்கத்தில் இருப்பது நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதினோராம் மாதம் நடந்தது அந்த அதிசயம். இரண்டு அட்டைகளைக் கைக்கொன்றாய்த் தூக்கிப் பிடித்து "வாஷ்?" என்றேன். ஓவியா சரியான அட்டையைத் தொட்டாள். "ஷா?" தொட்டாள். பத்துக்குப் பத்து. எதிர்ச்சாரிப் பாத்திரக்கடை பலராமன் அண்ணன் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தார். ஜானி பாஷா சம்சாரத்தோடு வந்தார். நான் ஒவ்வொரு தடவையும் சோடா உடைத்துக் கொடுத்து, கடைசியில், "இன்னும் பேச ஆரம்பிக்கல. ஆரம்பிச்சா தாங்க மாட்டீங்க" என்பேன்.

மூன்று மாதம் கழித்து ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ வந்தது. எனக்கும் வந்தது. கண் ரெண்டும் தக்காளி. குழந்தைக்கு ஒட்டிவிடுமே என்று ஒரு வாரம் மச்சில் தனியாகப் படுத்தேன். படிப்பு தடைப்படுமே என்று நான் கவலைப்பட்டபோது உண்ணாமலை படிக்கட்டில் நின்று, "நான் வேணா சொல்லித் தரட்டா?" என்றாள்.

"உனக்கெங்க வரும்?"

"இருவது வார்த்த தெரியுங்க. அடுப்பப் பாத்து சொல்லிச் சொல்லிப் பழகி வெச்சிருக்கேன்."

பெற்ற பிள்ளையிடம் வாயைத் திறப்பதற்காக அவள் இருபது பிரெஞ்சுச் சொற்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

மச்சிலிருந்து எட்டிப் பார்த்தேன். தலை வாரி, பொட்டு வைத்து, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்து அட்டைகளைத் தூக்கினாள். "வாஷ்?" என்றாள். நன்றாகவே சொன்னாள். ஓவியா அவள் முகத்தைப் பார்த்தாள், அட்டையைத் தொடவில்லை. "ஷா? ஓவியா, ஷா?" ஒன்றுமில்லை. ஏழு நாளும் ஒன்றுமில்லை.

எட்டாம் நாள் நான் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கி வந்து அட்டையைப் பிடித்தேன். நான் கேட்டும் தொடவில்லை. கையை நீட்டி என் கண்ணாடியைப் பிடுங்கினாள். பிடுங்கியதும் மாட்டைச் சரியாகத் தொட்டாள்.

மாட்டுத் தரகன் பிள்ளைக்கு இது தெரியாமல் போகுமா? விலை வாயில் இல்லை, கண்ணில் இருக்கிறது. மீண்டும் இரண்டு அட்டைகளைத் தூக்கி, "வாஷ்?" என்று கேட்டுவிட்டு வேண்டுமென்றே பூனையைப் பார்த்தேன். பூனையைத் தொட்டாள். விட்டத்தைப் பார்த்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, நான் எப்போது பார்ப்பேன் என்று காத்திருந்தாள். அவள் ஒரு சொல்லும் படிக்கவில்லை. என்னைப் படித்துக்கொண்டிருந்தாள். உண்ணாமலையிடம் ஏன் பலிக்கவில்லை என்பதும் புரிந்தது. அவள் அட்டையைப் பார்க்கவே இல்லை. பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "உங்களுக்குக் காட்டறாளா?"

"காட்டறா."

"அப்ப நான் சொன்னாதான் வர்லயா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. பலராமன் அண்ணன் முகம், ஜானி பாஷா முகம், நான் உடைத்த சோடா பாட்டில்கள் எல்லாம் கண் முன்னால் வந்தன.

"உனக்கு நாக்கு வர்ல உண்ணா" என்றேன்.

அதோடாவது நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. மறுநாள் பாத்திரக்கடையில், "இன்னாய்யா, உங்க வீட்டம்மா கேட்டா பாப்பா பதில் சொல்றதில்லயாமே?" என்று பலராமன் அண்ணன் கேட்டார். "பாப்பா படிக்கறது பாரிஸ் பிரெஞ்சு அண்ணே. இவ பேசறது கீழ்பென்னாத்தூர் பிரெஞ்சு" என்றேன். கடையே சிரித்தது. என் மனைவியின் பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர். ஒரே வாரத்தில் அந்தச் சிரிப்பு தெருவெல்லாம் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது. உண்ணாமலை அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மூக்கால் இழுக்கிற தாலாட்டும் நின்றுவிட்டது.

இரண்டு மாதம் போயிற்று. ஓவியாவுக்கு ஒன்றேகால் வயது தாண்டியும் அம்மா என்றுகூட வாயில் வரவில்லை. ஒரு நாள் காலை உண்ணாமலை பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"நான் எங்கம்மா வூட்ல ஆறு மாசம் இருந்துட்டு வரேன். உங்க அக்காவ வரச் சொல்லியிருக்கேன், பாப்பாவப் பாத்துப்பாங்க."

"இன்னா பேசற? புள்ளய வுட்டுட்டா?"

"நான் கூட இருக்கறதாலதான் அவளுக்குப் பேச்சு வர்ல. என் நாக்கு அவளக் கெடுக்குது. எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன்." அழவில்லை. நன்றாக யோசித்து முடிவெடுத்தவள் மாதிரி சொல்லிவிட்டு, குழந்தையைப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதம்தானே, அதற்குள் பிள்ளை பேசிவிடும், உண்மை தானாகவே மறைந்துவிடும் என்று மனம் கணக்குப் போட்டது.

ஓவியா அவள் பின்னால் தத்தித் தத்திப் போய் வாசற்படியில் விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அழவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அழலாமா கூடாதா என்று கேட்கிற பார்வை. எனக்குக் கடைப்பழக்கம். பதறினால் முதலில் சிரித்துவிடுவேன். சிரித்துவிட்டேன். உதட்டில் ரத்தத்தோடு அவளும் சிரித்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கீழ்பென்னாத்தூர் பஸ் இன்னும் கிளம்பவில்லை. உண்ணாமலை ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் ஏறி, குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி, மாடு, பூனை, விட்டம்.

கைக்குட்டையால் பிள்ளையின் உதட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் எனக்கு நாக்கு வர்லன்னு சொன்னீங்க."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு நாக்க மடிச்சி மடிச்சிப் பாத்துக்கினு இருந்தேன். என் நாக்குல இன்னா கொறன்னு."

பக்கத்து சீட்டுக் கிழவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவருக்கிருந்த நாகரிகம் எனக்கு இல்லாமல் போயிற்று.

"பலராமண்ணன் கடையில எல்லார் முன்னாடியும் சிரிக்க வெச்சீங்கல்ல, அங்க போயி இதயும் சொல்லுங்க."

"சொல்றேன்."

"அதுக்கு முன்னாடி எங்கம்மாகிட்ட சொல்லுங்க. பெத்த பொண்ணு மக்குன்னு அது ஊரெல்லாம் சொல்லி அழுதுகினு இருக்குது."

"அவங்ககிட்ட எதுக்கு? அதான் உங்கிட்ட சொல்லிட்டேன்ல."

"சொல்லணும்."

"போன்ல சொல்லட்டா?"

"நேர்ல."

"பொங்கலுக்கு வரும்போது..."

"இன்னிக்கி."

"சரி, உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடறேன். கடையில வேணாம். நான் அங்க யாவாரம் பண்ணணும்."

"இன்னாங்க, இதுக்குமா பேரம்?"

பேரம்தான் பேசிக்கொண்டிருந்தேன். வெட்கம் வந்தது. வந்த பிறகும், பாதியாவது குறைக்க முடியுமா என்றுதான் மனம் தேடியது.

பஸ் கிளம்பியது. உண்ணாமலை குழந்தையைத் தன் பக்கம் திருப்பி உட்கார வைத்தாள். "ஓவியா" என்றாள். அதற்குமேல் வரவில்லை. ஒரு வருடத்துப் பேச்சில் எதை முதலில் எடுப்பது? கடைசியில், "இது பஸ்சு" என்றாள். "இதுல ஏறினாலே உங்கம்மாவுக்கு வாந்தி வரும். சின்ன வயசுல வழியெல்லாம் எலுமிச்சம்பழத்த மோந்துகினே வருவேன்." ஓவியா அவள் வாயையே பார்த்தாள். பிறகு சந்தேகமாக என் பக்கம் திரும்பினாள். சரியா என்று பார்வையாலேயே கேட்டாள். நான் எழுந்து கடைசி சீட்டுக்குப் போய்விட்டேன். அங்கிருந்து உண்ணாமலையின் முதுகு மட்டும் தெரிந்தது. பம்பு செட்டு, குடை பிடித்துப் போகும் ஆள், கரும்பு வண்டி என்று வழியில் கண்டதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே போனது கடைசி சீட்டு வரை கேட்டது. கண்டக்டர் வந்தபோது என் டிக்கெட்டுக்கு நான்தான் காசு கொடுத்தேன். அவளுடையதை அவள் எடுத்திருந்தாள்.

மாமியார் ஜோதியம்மாள் வீட்டு வாசல் களத்தில் மல்லாட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள! புள்ளயயும் இட்டாந்துட்டீங்களா? இவ கிட்ட இருந்தா படிப்பு கெடும்னு சொன்னாளே?"

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லத் தொடங்கினேன். குழந்தை அட்டையைப் படிக்கவில்லை, என் கண்ணைப் பார்த்துத்தான் காட்டியது என்றேன். ஜோதியம்மாள் மோவாயில் கை வைத்தார்.

"அடேங்கப்பா! கண்ணப் பாத்தே புரிஞ்சிக்குதா? அப்ப எம்மாங் கெட்டிக்காரி! அதுக்கு ஏன் மாப்ள மூஞ்சி தொங்கிப்போச்சி?"

தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். சிரிக்கக்கூடச் சிரித்தேன். உண்ணாமலை தூணில் சாய்ந்து நின்றபடி, "மீதியச் சொல்லுங்க" என்றாள்.

"அது... உங்க பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல அத்தே. நல்லாத்தான் சொல்லிக் குடுத்தா."

"அப்புறம்?"

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சிதான் அவ மேல பழியப் போட்டேன். என் பேரு கெட்டுடக் கூடாதுன்னு. கடையிலயும் சொல்லிச் சிரிச்சேன்."

ஜோதியம்மாள் மோவாயிலிருந்து கையை எடுத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, விலை கேட்காமலே அடுத்த மாட்டுக்குப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மகள் இடுப்பிலிருந்த பேத்தியை வாங்கிக்கொண்டு, மகளின் கையையும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே மூன்று பேர் குரலும் கேட்டது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி உதடு எரிவதாலோ என்னவோ, யார் முகத்தையும் கேட்காமல் ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. நான் காயும் மல்லாட்டையை மிதிக்காமல் ஓரமாக நின்றுகொண்டு, நாளைக்குப் பாத்திரக்கடையில் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.