காதில் விழாத வரை

செங்கல்பட்டில் ஹரிசங்கரோடு ஓட்டலுக்குப் போகிறவர்கள் பில் வந்ததும் பையில் கை விட வேண்டியதில்லை. விட்டாலும் அவன் விடமாட்டான். "நான் போடறேன், அப்புறமா எனக்கு அனுப்புங்கோ" என்பான். புதிதாகப் பார்க்கிறவர்கள் என்ன பெரிய மனசு என்று நினைத்துக்கொள்வார்கள். மனசெல்லாம் ஒன்றும் இல்லை. அவனுக்கு வேண்டியது பில். யார் வீட்டு பில்லாக இருந்தாலும் அது அவனுடைய கிரெடிட் கார்டு வழியாகத்தான் போக வேண்டும். போனால் பாயிண்ட் விழும். பாயிண்ட்டை விமானக் கம்பெனியின் மைலாக மாற்றிக்கொள்ளலாம். மைல் சேர்ந்தால் குடும்பத்தோடு பறக்கலாம், அதுவும் படுத்துக்கொண்டே போகிற வகுப்பில். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆபீஸ் சிநேகிதர் வாங்கிய ஃபிரிட்ஜ், மச்சினி கல்யாணத்துக்குத் திருப்போரூரில் பிடித்த மண்டபத்தின் வாடகை, மகன் அத்வைத்தின் வகுப்பில் பாதிப் பேருடைய சுற்றுலாக் கட்டணம் என்று எல்லாம் அவன் கார்டில்தான் ஏறின. கார்டுக் கடனை ஒரு நாளும் பாக்கி வைத்ததில்லை, அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. இப்படிச் சேர்த்துச் சேர்த்து, ஜப்பானுக்கு நாலு டிக்கெட் எடுத்துவிட்டான். அவன், மனைவி கோதை, அத்வைத், மகள் அதிதி. கோதை அதை அடுக்குமாடி முழுக்கச் சொல்லி முடித்து, காய்கறிக்காரரிடமும் சொல்லியிருந்தாள்.

அந்த நாலு டிக்கெட்டில் பாதிக்குமேல் சித்தப்பாவின் நெஞ்சுவலியிலிருந்து வந்தது. சித்தப்பா பட்டாபி மாமல்லபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தை இல்லை. சித்தி செங்கமலமும் அவரும்தான். ஒரு வருஷமாக இதயம் மக்கர் பண்ண, செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாறி மாறி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஹரி ஓடினான். சேர்க்கிறபோதும் அவன்தான், வீட்டுக்கு அனுப்புகிறபோதும் அவன்தான். பெற்ற பிள்ளை கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று நர்சுகள் சொன்னார்கள். மறுநாள் சித்தி பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அவன் நினைத்திருந்தால் கூடப் பரவாயில்லை. இல்லை, சேவை செய்கிறோம் என்றே மனசார நம்பினான்.

ஒரே ஒரு தடவை சித்தி ஸ்கேனுக்குத் தானே பணமாகக் கட்டிவிட்டாள். ஹரிக்கு வந்ததே கோபம். "ஏன் சித்தி, நான் என்ன செத்தா போயிட்டேன்? ஒரு போன் பண்ணக்கூடாதா? எத்தனை பாயிண்ட் போச்சு தெரியுமா?" என்று வராந்தாவில் எல்லோரும் பார்க்கக் கத்தினான். ஒரு மாதம் மாமல்லபுரம் பக்கமே போகவில்லை. பாயிண்ட் என்றால் காயா பழமா என்று சித்திக்குத் தெரியாது. ஆனால் தங்கள் இரண்டு பேருக்கும் கொள்ளி வைக்க இருக்கிற ஒரே பிள்ளை அவன்தான் என்று தெரியும். அது அவளுக்குத் தெரியும் என்பது ஹரிக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அவன் கோபித்துக்கொண்டதே. அதற்கப்புறம் அவள் மாத்திரை வாங்குவதற்கும் அவனுக்குப் போன் பண்ணிக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பயணம். வியாழக்கிழமை சித்தப்பாவை மறுபடி சேர்க்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் ஹரி போய்ப் பார்த்தபோது, டாக்டர் கையை விரித்த மாதிரி "ஒண்ணும் சொல்றதுக்கில்லை, பார்க்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்த ஹரிக்குச் சோறு இறங்கவில்லை. சித்தப்பா போய்விட்டால் பங்காளித் தீட்டு, கொள்ளி வைத்துக் காரியம் செய்கிற கர்த்தாவும் அவனே, பதிமூன்று நாள் அசைய முடியாது. மைலில் எடுத்த டிக்கெட்டை இன்னொரு நாளைக்கு மாற்றலாமா என்றால், அந்த வகுப்பில் நாலு சீட்டு சேர்ந்தாற்போல் கிடைப்பது குதிரைக்கொம்பு. இதற்கே பல மாதம் முன்னால் அலாரம் வைத்து எழுந்து பிடித்திருந்தான். விட்டால் பாதி மைலுக்குக் கெடு முடிந்துவிடும்.

அப்போதுதான் அவனுக்கு அது ஞாபகம் வந்தது. அப்பா காரியத்தில் சாஸ்திரிகள் பேச்சுவாக்கில் சொன்னது. தூர தேசத்தில் இருக்கிறவனுக்குச் சேதி காதில் விழுந்ததிலிருந்துதான் தீட்டு.

"காதுல விழாத வரைக்கும் தீட்டு இல்லை கோதை. சாஸ்திரமே சொல்றது. நாம பிளைட்ல ஏறிட்டா, எதுவானாலும் திரும்பி வந்து கேட்டுக்கலாம்."

"சித்தி தனியா என்ன பண்ணுவா?"

"கருங்குழியில தூரத்துப் பங்காளி இல்லையா? அவா பார்த்துப்பா."

 கோதை பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். சாஸ்திரம் சொன்ன தூர தேசத்தையும், நடந்தே போய்விடக்கூடிய ஆஸ்பத்திரியையும் ஒன்றாக்கிவிட்டோமே என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தனக்கு வேண்டிய பாதி சாஸ்திரம் போதும் என்று இருக்கிறவர்களுக்கு எப்படி உறைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சித்தி. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. காலங்கார்த்தாலே இப்படி விடாமல் எதற்குப் பண்ணுவாள்? அந்த நிமிஷமே ஹரியின் மனசில் சித்தப்பா செத்துப்போனார். கண் கூடக் கலங்கியது, பொய் சொல்லக்கூடாது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனின் சத்தத்தை அணைத்துக் குப்புறப் போட்டான்.

"அப்பா, சித்திப் பாட்டி எனக்கும் பண்றா" என்றாள் அதிதி.

"எடுக்காதே. யாரும் எடுக்கக்கூடாது. பிளைட் ஏறுற வரைக்கும்."

வாட்ஸப்பில் குரல் பதிவுகள் வந்து விழுந்தன. ஹரி ஒன்றையும் திறக்கவில்லை. திறந்தால் காதில் விழுந்துவிடும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இவன் காதை மூடிக்கொண்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

விமான நிலைய லவுஞ்சில் கார்டுக்குச் சாப்பாடு இலவசம் என்பதால் வீட்டில் சமைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தான். மத்தியானம் வாடகைக் காரில் கிளம்பினார்கள். ஆஸ்பத்திரி போகிற வழியில்தான். சரியாக அதன் வாசலுக்கு எதிரே சிக்னல் விழுந்தது.

"கொஞ்சம் வேகமா போப்பா" என்றான் ஹரி.

"சிகப்பு கீதே சார், பறந்தா போவ முடியும்" என்றார் டிரைவர் சிங்காரம்.

ஹரி மடியில் இருந்த பாஸ்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். பச்சை விழுகிற வரைக்கும் தலையைத் தூக்கவில்லை. மடியில் போன் மறுபடியும் ஒளிர்ந்து அணைந்தது.

விமான நிலையத்தில் அவர்கள் வகுப்புக்கென்று தனி கவுண்டர், கீழே கம்பளம். கோதை குழந்தைகளை அதில் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். பெட்டிகள் உள்ளே போயின. நாலு போர்டிங் பாஸும் கைக்கு வந்தன. அவற்றை விசிறி போல விரித்துப் பார்த்தபோது ஹரிக்கு இத்தனை வருஷப் பாடும் பலித்துவிட்டதென்று உடம்பு சிலிர்த்தது. அந்தச் சமயத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர். இருக்கை விஷயமாக விமானக் கம்பெனியிலிருந்து கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். எடுத்துவிட்டான்.

"ஹரித் தம்பிதானே? நான் மாமல்லபுரம் ஜெகதாம்பா பேசறேன், ஆஸ்பத்திரிலேர்ந்து. உங்க சித்தி வூட்டுக்குப் பின்தெரு."

தெரியும். கடலோரக் குப்பத்து மீன்காரம்மா. அவள் மகன் வசந்தின் ஆட்டோவில்தான் சித்தப்பாவை எப்போதும் அழைத்து வருவார்கள். ஹரியின் கட்டை விரல் போனை அணைக்கிற பொத்தானைத் தேடியது, அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"இது எம்புள்ள போனு. அந்தம்மா போன்லேர்ந்து போட்டா நீதான் எடுக்க மாட்டேன்றியே. வாத்தியாரு பூட்டாரு தம்பி. இப்பத்தான்."

விழுந்துவிட்டது. ஆனால் ஹரியின் காதில் கடைசி வார்த்தைதான் நின்றது.

"இப்பத்தானா? காலைலயே இல்லையா?"

"காத்தால எங்க? காத்தால கண்ணத் தொறந்து காபி கேட்டாரு. துடிப்பு கொறஞ்சிகினே போவுது, நெஞ்சுல ஒரு மிசினு வெக்கணும், வெச்சா எய்ந்து ஒக்காந்துருவாருன்னு டாக்டரு சொன்னாரு. மெட்ராஸ்லேர்ந்து ஆள் வரணுமாம், முன்பணம் கட்டுன்னாங்கோ. அந்தம்மா பையில பணத்த வெச்சிகினே கீது. கட்டு தாயி, கட்டு தாயின்னு நானும் தலபாடா அடிச்சிகினேன். ஹரி வருவான், அவன் கார்டுலதான் போடணும், நானே கட்டினா கோச்சுக்குவான்னு உனுக்குப் போன் போட்டுகினே ஒக்காந்துச்சு. மத்தியானத்துக்கு மேலதான் மனசு கேக்காம போய்க் கட்டுச்சு. அந்த ஆள் வந்து எறங்கறதுக்குள்ள உசுரு பூடுச்சு."

ஹரி போர்டிங் பாஸ்களை மடக்கினான்.

"அது இன்னா கார்டு தம்பி, அப்பிடி?" என்று கேட்டாள் ஜெகதாம்பாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள் போலிருந்தது. பிறகு போனை வைத்துவிட்டாள்.

ஹரியின் முகத்தைப் பார்த்த கோதைக்குப் புரிந்துவிட்டது.

"கோதை..." என்று வாயைத் திறந்தான்.

"சொல்லாதீங்கோ."

"சித்தப்பா இல்லை, அது வந்து..."

"எங்கிட்ட சொல்லாதீங்கோ. குழந்தைகள் எதிர்லயும் சொல்லாதீங்கோ." அவள் அதிதியைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்து, உள்ளங்கையால் அவள் காதை மூடினாள். "நீங்கதானே சொன்னேள், காதுல விழாத வரைக்கும் இல்லைன்னு. எங்க காதுல ஒண்ணும் விழலை."

அவன் கையிலிருந்த நாலு போர்டிங் பாஸில் மூன்றையும், பாஸ்போர்ட்டில் மூன்றையும் உருவிக்கொண்டாள். "வாடா" என்று அத்வைத்தைக் கூப்பிட்டுக்கொண்டு குடியேற்றச் சோதனைப் பக்கம் நடந்தாள். அத்வைத் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளலாமா என்று ஹரிக்கு ஒரு கணம் தோன்றாமல் இல்லை. ஆனால் ஜெகதாம்பாள் சொல்லியாயிற்று. எடுத்துக் கேட்டான் என்று நாளைக்குக் கடற்கரை முழுக்கச் சொல்வாள், கோயில் தெருவுக்கும் அது வரும். கொள்ளி வைக்காமல் விட்ட பாவம் பிள்ளைகள் தலையில் விடியும் என்ற பயமும் பிடித்துக்கொண்டது. பாசத்தால்தான் திரும்பினான் என்று எழுதினால் பொய்யாகும். வெட்கமும் பயமும் இரண்டு பக்கமும் கையைப் பிடித்து இழுத்து வந்தன. கிளம்புகிறதற்கு முன்னால் கவுண்டர் பெண்ணிடம், தன் ஒரு டிக்கெட்டின் மைல் மட்டும் திரும்பி வருமா என்று கேட்டான். சொல்லவே நாக்குக் கூசுகிறது, ஆனால் கேட்டான். எழுதிப் போட்டுப் பாருங்கள் சார் என்றாள் அவள்.

பல்லாவரம் தாண்டியிருந்த சிங்காரம், ஹரி போன் பண்ணியதும் திரும்பி வந்து ஏற்றிக்கொண்டார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஹரி வழியெல்லாம் அந்தக் குரல் பதிவுகளைக் கேட்டுக்கொண்டு வந்தான். எல்லாவற்றிலும் சித்தி ஒன்றையேதான் சொல்லியிருந்தாள். "ஹரி, பணம் எங்கிட்ட இருக்குடா. நீ வந்து கார்டைத் தேய்ச்சாப் போறும்."

ஆஸ்பத்திரியில் பணம் கட்டுகிற இடத்துக்கு எதிர் பெஞ்சில் சித்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. பக்கத்தில் ஜெகதாம்பாள் அவள் தோளில் கை போட்டிருந்தாள். ஹரியைப் பார்த்ததும் ஜெகதாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தி எழுந்து வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பிளைட்டை விட்டுட்டா வந்தே? ஐயோ, குழந்தைகள் எவ்வளவு ஆசையா இருந்தா."

"சித்தி..."

"முன்பணத்தை நானே கட்டிட்டேன்டா ஹரி. உன்னைக் கேக்காம கட்டிட்டேன். ரொம்ப நேரம் பார்த்தேன், அவர் மூச்சு வாங்கறதைப் பார்க்க முடியலை. பணமாத்தான் கட்டினேன். கோச்சுக்காதேடா." அவள் அழுதுகொண்டே சொன்னாள். கணவன் போனதற்கு அழுதாளா, இதற்கு அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

 ஹரிக்கு அப்படியே அவள் காலில் விழ வேண்டும் போலிருந்தது. விழவில்லை.

"பாக்கி பில்லை நான் தொடலை" என்றாள் சித்தி. "அதைக் கட்டினாத்தான் அவரைத் தருவாளாம். ஜெகதாம்பா கூடக் கட்டிடலாம் கட்டிடலாம்னா. நான்தான் வேண்டாம், அது ஹரிக்குன்னு வெச்சிருக்கேன்னேன். போய் உன் கார்டுல போட்டுக்கோ."

கவுண்டர் ஆள் பில்லை நகர்த்திவிட்டு, கார்டு இயந்திரத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார். ஜெகதாம்பாள் இப்போது திரும்பி நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் செய்யத் தோன்றாமல் ஹரி பர்சைத் திறந்தான். உள்ளே நாலு கார்டு இருந்தன. கண் மங்கி ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் விரல் முதல் கார்டைத் தள்ளியது, இரண்டாவதைத் தள்ளியது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு இரட்டைப் பாயிண்ட் தருகிற கார்டு எதுவோ அதை உருவி எடுத்து நீட்டியது.