யார் வயிற்றுப் புழு

அத்தை காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து காட்டியது வெள்ளையாக, தட்டையாக, நாடாவிலிருந்து நறுக்கின துண்டுபோல இருந்தது. கூடத்துச் சோபாவில் கிடந்ததாம். சோபாவில் பகலெல்லாம் கிடப்பது சோம்பேறி. நாய்க்கு வைத்த பெயரே அதுதான். அப்புறம் விசாரணை எதற்கு?

"குழந்தை தவழ்ற வீடு. சாயங்காலம் நாய் வண்டி வரும், பிடிச்சுட்டுப் போகட்டும்" என்றார் பெரியத்தான். அத்தையின் மூத்த மகன், மருமகளுக்குக் கணவனின் அண்ணன். அந்த வீட்டில் அவர் பேசியபிறகு யாரும் பேசுவதில்லை.

மருமகள் துண்டைச் சீசாவில் போட்டு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ஊரார் வயிற்றுச் சமாசாரம் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. இரண்டு கண்ணாடிக்கு நடுவே அழுத்தி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தாள். நாயிடம் வழக்கமாகக் காண்கிற புழுவென்றால் துண்டின் இரண்டு ஓரத்திலும் துளை இருக்கும். இதில் ஒரே ஓரத்தில். நடுத்தண்டிலிருந்து இருபுறமும் கிளைகள், சீப்புப் பல்லாக நெருங்கி நின்றன.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தாள். "மாட்டிறைச்சிப் புழு. யாரும்மா பேஷன்ட்?"

"எங்க வீட்டு நாய்னு சொல்றாங்க, டாக்டர்."

"நல்லா சொன்னாங்க! நாய்க்குள்ள இது குடித்தனம் பண்ணாதே."

வீடு திரும்பியபோது வண்டி வந்து நின்றிருந்தது. அவள் நேராகக் கூடத்துக்குப் போனாள்.

"அத்தை, அது நாயோடது இல்ல. வேகாத மாட்டுக்கறியில வர்றது. பெருசா வளர மனுஷ வயிறுதான் வேணும் அதுக்கு."

'கறியை ரத்தம் சொட்டச் சொட்டச் சாப்பிட்டாத்தான் ருசி' என்று ஊரெல்லாம் பெருமையடிக்கும் பெரியத்தான் செய்தித்தாளை இன்னும் உயர்த்திப் பிடித்தார். கணவன் அவள் முழங்கையைக் கிள்ளினான். "விடேன். நாய் போனா விஷயம் முடிஞ்சுது."

"நாய் போயிடும். புழு போகாதே."

செய்தித்தாள் இறங்கியது. "என்னையா சொல்றே?"

"இது தானா நெளிஞ்சு வெளிய வரும், அத்தான். சுமக்கறவங்களுக்குத் தெரியாம இருக்காது. மாத்திரை போட்டாப் போற விஷயம். அதுக்கு ஒரு வாயில்லா ஜீவன் பலியா?"

பெரியத்தானின் காது மடல் சிவந்தது. "வண்டிக்காரன் காத்திருக்கான்" என்றார். குரல் பாதியாகிவிட்டது.

"காத்திருக்கட்டும். இவனை ஏத்தினா நானும் ஏறுவேன். கூண்டுல இடம் இருக்கான்னு கேட்டு வைங்க."

சோம்பேறியை இழுத்துக்கொண்டு போய் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தாள். உள்ளே அத்தை மூத்த மகனை அதட்டுவது கேட்டது. "சொல்லுடா, உனக்குத் தெரியுமா தெரியாதா?" வண்டிக்காரன் இறங்கி வந்து அவளைப் பார்த்தான், நாயைப் பார்த்தான், எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றான். அவன் கையிலிருந்த கம்பிச் சுருக்கு காற்றில் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.