முன்னே போன டயர்த் தடம்

ஏரிக்கரைப் படகுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவர் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள், கொட்டகைப் பலகையில் வாடகை விவரம் தப்பும் தவறுமாக எழுதியிருப்பதைப் பார்த்து, அவரிடமிருந்த சாக்கட்டியை வாங்கித் தானே திருத்தி எழுதிவிட்டுப் போனாள். அன்றைக்கு வைத்த பெயர். தான் டீச்சர் இல்லை, பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறவள் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை. எப்படியோ கூப்பிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

"என்ன டீச்சரம்மா, இன்னிக்கும் கேன்தானா?"

"கேன்தான்."

"நல்ல பொண்ணுங்க ரெண்டும். முன்னாடி உக்காந்துக்கிட்டு ஒரு வார்த்த எதுத்துப் பேசாதுங்க."

அவளும் சிரித்துவைத்தாள். தண்ணீர் நிரப்பிய இரண்டு கேன்களைப் படகின் முன்னிருக்கையில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். அது இருவர் துடுப்புப் போடுகிற படகு. பின்னிருக்கையில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு காற்றடிக்கிற பக்கமெல்லாம் திரும்பும். முன்னால் ஓர் ஆள் கனம் இருந்தால்தான் சொன்ன பேச்சுக் கேட்கும்.

அந்த முன்னிருக்கை அவளுடைய நாத்தனாருடையது.

பந்தயத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட்டால் பின்னால் குழப்பம் வராது. காலையில் கிளம்பி, ஓடி, சைக்கிள் மிதித்து, படகு வலித்து, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். வழி எங்கும் போட்டிருக்காது. கையில் ஒரு வரைபடம் கொடுப்பார்கள். அதில் குறித்த இடங்களிலெல்லாம் கொடி நட்டிருக்கும். கொடி ஒவ்வொன்றையும் தேடித் தொட்டுவிட்டு வர வேண்டும். பெரும்பாலும் ஜோடி ஜோடியாகத்தான் வருவார்கள். ஒருவர் பார்வையிலிருந்து மற்றவர் விலகக் கூடாது என்பது ஜோடிகளுக்கான விதி. அவளும் நாத்தனாரும் மூன்று வருடம் சேர்ந்து போயிருக்கிறார்கள். வரைபடம் நாத்தனார் பொறுப்பு, இழுத்துப்பிடித்து ஓட்டுகிற பலம் இவள் பொறுப்பு. சைக்கிளில் நாத்தனார் முன்னே போவாள். இவள் அந்தப் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே மிதிப்பாள். எங்கே போகிறோம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்த வருடமும் இருவர் பெயரையும் கொடுத்தாகிவிட்டது. அதன் பிறகுதான் அவளும் நாத்தனாரின் அண்ணனும் பிரிந்தார்கள். சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் கேஸ் தீர்ந்துபோனதைச் சொல்வதோடு நின்றது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் அவள் சைக்கிளையும் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு ஒரு சலவைக்கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறைக்குக் குடிவந்தாள். கணவர் தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டார். அந்த வீட்டில்தான் நாத்தனாரும் இருக்கிறாள்.

போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம். நாத்தனார் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

அவள் தினமும் பயிற்சி முடித்து அறைக்குத் திரும்பியதும் ஒரு செய்தி அனுப்புவாள். 'இன்று படகு. எதிர்காற்று. தோள் வலி இல்லை.' மறுநாள், 'இன்று மேட்டு ஓட்டம். இடது முழங்கால் பரவாயில்லை.' அனுப்பிவிட்டு ஷூவைக் கழற்றிக் குப்புறக் காயவைப்பாள். திரும்பி வந்து பார்த்தால் பக்கத்தில் நீல டிக் இரண்டும் விழுந்திருக்கும். படித்துவிட்டாள். அவ்வளவுதான். கீழே சலவை இயந்திரங்கள் சுற்றி நிற்கிறவரை அறையின் தரை லேசாக அதிரும். நின்றதும் வரும் அமைதியில், யாரோ பேச வாயெடுத்துவிட்டுப் பேசாமல் போனது போல இருக்கும்.

கூடத்தில் அவளுக்கு எதிர் மேசையில் மெழுகுக்காரர். மெழுகில் பல் வரிசையை வடிப்பது அவர் வேலை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் உடைத்தெடுத்து, அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது இவள் வேலை. எந்த வாய் இடது பக்கமாக மெல்லும், எது ராத்திரியெல்லாம் நறநறவென்று கடிக்கும் என்பதை ஆளைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

"ஏம்மா, இவ்வளவு ஓடி, மிதிச்சு, துடுப்புப் போட்டு ஜெயிச்சா என்னதான் குடுப்பாங்க?" என்று மெழுகுக்காரர் கேட்டார்.

"ஒரு பனியன்."

"அதான் கடையில விக்குதே!"

"இதுல பந்தயத்தோட பேர் போட்டிருக்கும்ண்ணே."

"என் பொண்டாட்டி என்னைக் காய்கறி வாங்க அனுப்புனாலே நான் தெருமுனையில வழி மறந்துருவேன். சரி, அந்தப் பொண்ணு வருதா? உன் நாத்தனா?"

அவள் அச்சை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வருவா" என்றாள்.

அன்று மத்தியானமே போட்டி அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். ஜோடிகளெல்லாம் தாங்கள் வருவதை உறுதி செய்துவிட்டார்களாம். இவள் ஜோடியில் ஒருவர்தான் செய்திருக்கிறாராம்.

"சனிக்கிழம சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு மேடம். அதுக்குள்ள அவங்க சொல்லணும். இல்லன்னா நீங்க தனியாள் பிரிவுக்கு மாத்திக்கணும். ரெண்டும் இல்லன்னா பேர எடுத்துருவோம்."

"அவங்க வருவாங்க தம்பி."

"வந்தா சந்தோஷம் மேடம்."

தனியாகப் போக அவளுக்குப் பயமில்லை. பந்தயம் போனாலும் போகட்டும், அடுத்த வருடம் இருக்கிறது. ஆனால் தனியாள் பிரிவுக்கு மாற்றிவிட்டால், 'நீ வரவேண்டாம்' என்று நாத்தனாரிடம் தானே சொன்னதாகிவிடும். அந்த வீட்டிலிருந்து அவள் கையோடு கொண்டுவர நினைத்த ஒரே உறவு அது. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று கேட்காமலே இருந்தாள். கேட்காதவரை முன்னிருக்கை நாத்தனாருடையதாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, போன வருடத்து வரைபடத்தை சைக்கிளின் கைப்பிடியில் கட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த சவுக்குக் காட்டுக்குப் போனாள். தானே வழி பார்த்துப் பழகலாம் என்று எண்ணம். முந்தின இரவு மழை பெய்து மண் பதமாக இருந்தது.

முதல் இரண்டு வளைவுவரை வரைபடமும் காடும் ஒத்துப்போயின. மூன்றாவதில் படத்தில் ஒரு பாதை இருந்தது, காட்டில் மூன்று இருந்தன. குத்துமதிப்பாக ஒன்றில் போனாள். அது வளைந்து நெளிந்து, மேடேறி இறங்கி, எங்கெங்கோ போய் ஒரு பாதையில் சேர்ந்தது. அந்தப் பாதையில் ஒரு டயர்த் தடம் ஈரம் காயாமல் புதிதாகக் கிடந்தது.

அவளுக்கு அப்படியொரு நிம்மதி. யாரோ போட்டிக்காரர் பயிற்சிக்கு வந்திருக்கிறார். வழி தெரிந்தவராகத்தான் இருக்கும். தடம் எங்கும் தயங்கவில்லை. வரைபடத்திலிருந்து கண்ணை எடுத்துத் தடத்தில் வைத்தாள். கால்கள் தாமாக வேகம் பிடித்தன. மூன்று வருடமாகப் பழகின வேலைதானே. எட்டிப்பிடித்துவிட்டால் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டே போகலாம் என்று நினைத்தபோது, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டு ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

மேடேறி இறங்கினாள். வளைவுகளில் திரும்பினாள். இப்போது தடம் இரண்டாக இருந்தது. பக்கத்தில் பக்கத்தில், ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் போயின. இன்னொருவரும் சேர்ந்துகொண்டிருக்கிறார், ஜோடி. சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

"ஏங்க! ஒரு நிமிஷம் நில்லுங்க!"

மரங்களுக்கு நடுவே அவள் குரல்தான் போய்விட்டு வந்தது. இன்னும் அழுத்தி மிதித்தாள். "வழி மட்டும் சொல்லிட்டுப் போங்க!"

மூச்சு வாங்க ஒரு சேற்றுப் பள்ளத்தருகே இறங்கினாள். அங்கே தடம் மூன்றாக இருந்தது. குனிந்து பார்த்தாள். பொட்டுப் பொட்டாகப் பதிந்த டயர்ப் பூவேலைக்கு நடுவே, அவரைக்கொட்டை அளவில் ஒரு வழவழப்பு. கொஞ்சம் தள்ளி மறுபடியும் அதே கொட்டை. மூன்று தடத்திலும் அதே. போன மாதம் தன் பின்சக்கரத்தில் கண்ணாடி கிழித்த இடத்தில் அவளே ஒட்டின ரப்பர்த் துண்டு அது.

நாள் முழுக்க அச்சுப் பார்த்துச் சம்பாதிக்கிறவள். ஊரார் வாயெல்லாம் தெரியும். தன் சக்கரம் தெரியவில்லை. இவ்வளவு நேரமும் ஒரே வட்டத்தில் அவள் பின்னாலேயேதான் அவள் போய்க்கொண்டிருந்தாள்.

சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே, ஈரத்தில், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை என்று பெரிதாக ஒன்றுமில்லை, மூக்குதான் ஒழுகிற்று. பிறகு வரைபடத்தை அவிழ்த்து மடியில் விரித்தாள். காட்டுக்குக் குறுக்கே பெரிய மின்கம்பி ஒன்று போவதாகக் கோடு போட்டிருந்தது. காது கொடுத்துக் கேட்டாள். காற்று ஓய்ந்தபோது, எங்கோ வலது பக்கம், 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாதையை விட்டு இறங்கி, அந்த இரைச்சலைப் பார்த்து நடந்தாள். முள் கிழித்தது. கம்பிக்கு அடியில் வந்ததும் அதன் நேருக்கே நடந்து ரோட்டுக்கு வந்துவிட்டாள்.

ரோட்டோரத்தில் ஒரு சிறு பாலம். அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தாள். செய்தி எழுத ஆரம்பித்தாள். 'இன்று காடு.' அழித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"அண்ணி?"

இரண்டாவது மணியிலேயே நாத்தனார் எடுத்துவிட்டாள். என்ன சொல்ல நினைத்திருந்தோம் என்பது இவளுக்கு மறந்துபோயிற்று.

"காட்டுல தொலைஞ்சு போயிட்டேன்டி."

"எந்தக் காடு? தனியாவா? இப்ப எங்க இருக்கீங்க?"

"வெளிய வந்துட்டேன். பாலத்துமேல உக்காந்திருக்கேன்."

"ரோட்டு மேலயா? லாரி வரும், ஓரமா உக்காருங்க."

அவள் நடந்ததைச் சொன்னாள். டயர்த் தடம் வந்ததும் நாத்தனார் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்க தடத்தையே..."

"ரெண்டு பேர் போறாங்கன்னு நெனச்சிட்டேன். நில்லுங்கன்னு கத்தக்கூடச் செஞ்சேன்."

இனிமேல் கேட்காமல் முடியாது என்று அவளுக்குப் பட்டது.

"நீ வர்றியா, வரலையா? அத மட்டும் சொல்லு."

"இப்பதான் கேக்குறீங்க அண்ணி."

"தினம் மெசேஜ் போட்டேனேடி."

"அதுல தோள் வலி இருக்கு, முழங்கால் இருக்கு. வர்றியான்னு இல்லையே. நானும் தினம் தேடிப் பாப்பேன்."

"கேட்டிருந்தா வந்திருப்பியா?"

"இல்ல." அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. குரல் தணிந்தது. "அண்ணன் வேல விட்டு வந்தா ஒண்ணும் பேசாம உக்காந்திருக்கான் அண்ணி. நான் சைக்கிளத் தொட்டாப் போதும், எந்திரிச்சு மாடிக்குப் போயிடுறான். அம்மா திட்டுனாலாவது ஒரு சண்டையப் போட்டுட்டு வந்துருவேன். யாரும் எதுவும் சொல்ல மாட்டேங்கிறாங்க. இந்த வருஷம் என்னால முடியாது."

"சரி."

"கோவமா?"

"இல்லடி." அது உண்மைதானா என்று யோசித்துப் பார்த்தாள். வலித்தது, ஆனால் கோபமில்லை. "சொன்னியே, அது போதும்."

"மேப்ப எப்படிப் பிடிச்சுக்கிட்டுப் போனீங்க?"

"எழுத்து நேரா தெரியுற மாதிரி."

"போச்சு. நீங்க திரும்புனா அதையும் திருப்பணும். போற பக்கம் எப்பவும் மேல இருக்கணும். நிக்கிற எடத்துல பெருவெரல வெச்சுக்கிட்டு, நகர நகர வெரலயும் நகத்தணும். எடுக்கவே கூடாது. மூணு வருஷமா முன்னாடி அதைத்தானே செஞ்சுக்கிட்டிருந்தேன்."

"நான் பாக்கலையே."

"எங்க பாத்தீங்க? என் டயரத்தானே பாத்தீங்க."

போனை வைத்த பிறகு அவள் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். லாரி ஒன்று போனது. முழங்கையில் முள் கீறின இடம் எரிந்தது. வெயில் சாயத் தொடங்கியதும் போட்டி அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"தனியாள் பிரிவுக்கு மாத்திருங்க தம்பி."

"சரி மேடம். தனியாள் படகு சின்னதா இருக்கும், கொஞ்சம் ஆடும். ஒரு தரமாவது ஓட்டிப் பாத்துட்டு வாங்க. அப்புறம் ஒண்ணு, அவசரம்னா யாருக்குப் போன் பண்றது? இதுல உங்க வீட்டுக்காரர் நம்பர் இருக்கு. அதையே வெச்சுக்கலாமா?"

"வேண்டாம்."

"வேற யாரு மேடம்?"

அவள் யோசித்தாள். அம்மா இல்லை. தம்பி கடல் தாண்டி இருக்கிறான்; இங்கே பகல் என்றால் அவனுக்கு நடு ராத்திரி. பந்தயம் ஞாயிற்றுக்கிழமை; அன்றைக்கெல்லாம் மெழுகுக்காரர் கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவார். சலவைக்கடைக்காரரின் நம்பரே தெரியாது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

மனப்பாடமாகத் தெரிந்த ஒரு நம்பரைச் சொன்னாள்.

"உங்களுக்கு என்ன வேணும் இவங்க?"

"நாத்தனா."

"கூப்பிட்டா எடுப்பாங்களா மேடம்? சில பேரு சும்மா ஒரு நம்பரக் குடுத்துட்டுப் போயிடுறாங்க, அதான் கேக்குறேன்."

"எடுப்பா" என்றாள். "இப்பதான் எடுத்தா."